உள்ளே போய் வருகிறவள்

போன வாரம் இந்தக் குடும்பத்தை எந்த நாற்காலிகளில் உட்கார வைத்துவிட்டு வந்தோமோ, அதே நாற்காலிகளில்தான் இன்னும் இருக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கிறவர்கள் அத்தனை சுலபத்தில் இடம் மாறுவதில்லை. டீ குடிக்க எழுந்து போகிற நேரம் பார்த்துத்தான் உள்ளேயிருந்து கூப்பிடுவார்கள் என்று அங்கே எல்லோருக்கும் ஒரு பயம்.

இந்த வாரம்தான் வந்து சேர்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு முட்டி, அத்தை பதினோராம் நம்பர் கட்டிலில் மயக்க மருந்தில் கிடக்கிறாள். அவளுக்காக மூச்சு விடுவது இயந்திரம். அத்தை பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். தெருமுனையில் அவள் போடுகிற ஒரு அதட்டலில் பிள்ளைகள் மட்டுமல்ல, எதிரே வருகிற சைக்கிளும் நின்றுவிடும். அந்தத் தொண்டைக்குள் இப்போது குழாய்.

ஆஸ்பத்திரிச் சட்டம் கறாரானது. ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு ஆள், மாலையில் ஒரு தடவை, அதுவும் நர்ஸ் "போதும்" என்று சொல்லும் வரைக்கும்தான். உள்ளே இருப்பவர்களுக்குத் தொற்று எதுவும் வந்துவிடக் கூடாதே என்று போட்ட நியாயமான சட்டம். ஆனால் சட்டம் நியாயமானது என்பதற்காக வாசலில் நிற்கிறவர்களுக்கு வயிற்றெரிச்சல் குறைந்துவிடுமா என்ன?

அந்த ஒரு ஆள் யார் என்பதில்தான் சிக்கல் வந்தது. அத்தையின் புருஷன், மாமா, கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். ஆயுசு முழுக்க ஸ்பிரே புகையை விழுங்கியதில் அவர் நெஞ்சில் ஒரு இருமல் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. இருமுகிறவர்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. மகள் வாயும் வயிறுமாக இருக்கிறாள். அவளையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மகன் லாரி ஓட்டுகிறவன், கதவை அடைக்கிற தோள். முதல் நாள் அவனைத்தான் அனுப்பினார்கள். அம்மாவை அந்தக் கோலத்தில் பார்த்த கையோடு கண் இருட்டிக்கொண்டு வந்து, அடுத்த கட்டில்காரர் மேல் சாயப் பார்த்தான். இரண்டு நர்சுகள் சேர்ந்து சக்கர நாற்காலியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்கப்புறம் உள்ளே போகிற பாஸ் மருமகள் கைக்கு வந்தது.

மருமகளுக்கும் மாமியாருக்கும் பல மாதமாக நேருக்கு நேர் பேச்சு கிடையாது. ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு, "அந்த டப்பாவை யாராவது எடுத்துக் குடுத்தா தேவலை" என்று சுவரைப் பார்த்துப் பேசிக்கொள்கிற அளவுக்கு முற்றியிருந்தது. காரணம் என்னவென்று மாமாவுக்கும் தெரியாது, லாரிக்காரனுக்கும் தெரியாது. கேட்டால் மாமியாரும் மருமகளும் ஒரே மாதிரி "ஒண்ணுமில்ல" என்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மருமகளுக்கு ஒரு போன் கம்பெனியில் புகார்ப் பிரிவில் வேலை. நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கொதித்துப்போய்ப் பேசுகிறவர்களை ஆற்றி அனுப்ப வேண்டும். "உங்க சிரமம் புரியுது சார், கண்டிப்பா இன்னிக்கே கவனிக்கிறோம்" என்று அவள் சொன்னால், எதிரே இருப்பவர் பாதிக் கோபத்தில் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அத்தனை இதமான குரல். அத்தை அவளுக்கு வைத்திருக்கிற பெயரே 'கஸ்டமர் கேர்'.

அந்தக் குரல்தான் இன்றைக்கு அவளை மாட்டிவிட்டது.

* * *

காலையில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் வெளியே வந்தாள். சின்ன வயசு. தூக்கம் பார்த்துப் பல நாளான முகம். வழக்கமாக அவள் போனில்தான் பேசுவாள். பாஸ் வைத்திருப்பவரின் எண்ணுக்குத்தான் தகவல் சொல்வார்கள். இன்றைக்கு நேரிலேயே வந்திருந்தாள்.

"பதினொண்ணாம் நம்பர் வீட்டுக்காரங்க யாரு?"

நான்கு பேரும் எழுந்தார்கள். மாமா முதல் ஆளாகப் போய் நின்றார். அவர் முகத்தில் நேற்றிலிருந்தே ஒரு தெளிச்சி. நேற்று மாலை மருமகள் வெளியே வந்து, "உங்க பேரைச் சொன்னேன் மாமா. கண்ணைத் திறந்து கதவுப் பக்கம் பாத்தாங்க" என்று சொல்லியிருந்தாள். அதை அவர் கூடம் முழுக்கச் சொல்லிவிட்டார். ஏழாம் நம்பர் கட்டிலுக்காகக் காத்திருக்கிற அக்கா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துச் சந்தோஷப்பட்டுவிட்டுப் போனாள்.

டாக்டர் நேராக விஷயத்துக்கு வந்தாள். "வாய் வழியாப் போட்ட குழாயை ரொம்ப நாள் வச்சிருக்க முடியாதுங்க. தொண்டை புண்ணாயிரும். அதனால கழுத்துல, இந்த இடத்துல, சின்னதா ஒரு துளை போட்டு அது வழியா மூச்சுக் குடுக்கலாம்னு இருக்கோம். சளியை எடுக்கவும் சுலபம், மயக்க மருந்தையும் குறைச்சிக்கலாம். இன்னிக்கு மதியம் ஆபரேஷன் தியேட்டர் கிடைச்சிருக்கு. நீங்க கையெழுத்துப் போடணும்."

மாமாவின் கை தானாகத் தன் கழுத்துக்குப் போனது.

"கழுத்துலயா?"

"ஆமா. பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல. தினம் செய்யிறதுதான்."

"பேச்சு?"

"குழாய் இருக்கிற வரைக்கும் வராது. எடுத்து, புண் ஆறினப்புறம் வரும்."

மாமா யோசிக்கவே இல்லை. "வேண்டாங்க டாக்டரம்மா," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். "அவதான் தேறிக்கிட்டு வர்றாளே. முந்தாநாள் என் மருமகளோட கையை அழுத்தினா. நேத்து கண்ணையே திறந்து பாத்துட்டா. இன்னும் கொஞ்ச நாள் விட்டா அவளே எந்திரிச்சு உக்காந்துருவா. அதுக்குள்ள எதுக்குங்க கழுத்துல கத்தி வைக்கணும்?"

டாக்டரின் புருவம் சுருங்கியது. "கண்ணைத் திறந்தாங்களா? யாரு பாத்தா?"

"இதோ, இவதான். இவதானே உள்ள போயிட்டு வர்றா."

டாக்டர் மருமகளைப் பார்த்தாள். மருமகளின் முகத்தில் ஈயாடவில்லை. நேற்று மதியம்தான் இதே டாக்டர் போனில், "இதுவரைக்கும் எந்த அசைவும் இல்ல, மருந்து கூடுதலாத்தான் போயிட்டிருக்கு" என்று சொல்லியிருந்தாள். "சரிங்க டாக்டர், ரொம்ப நன்றி" என்று இதே மருமகள்தான் கேட்டுக்கொண்டாள்.

அந்த இடத்தில் டாக்டர் வாயைத் திறந்திருந்தால் கதை அங்கேயே நாறியிருக்கும். அந்தப் பெண் திறக்கவில்லை. அவளுக்கு இருக்கிற வேலைக்கு நடுவில், ஒரு குடும்பத்தின் மானத்தை நினைத்துப் பார்க்கவும் அவளுக்கு ஒரு நிமிஷம் இருந்தது.

"நான் ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்," என்றாள். "நீங்க எல்லாரும் உக்காந்து பேசுங்க. ஆனா இன்னிக்கு விட்டா தியேட்டர் மறுபடி எப்பக் கிடைக்கும்னு சொல்ல முடியாது. தள்ளிப் போடுறது அவங்களுக்கு நல்லதில்ல." கடைசி வாக்கியத்தை மருமகளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

* * *

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் கிளம்பவில்லை.

முதல் தடவை உள்ளே போய் வந்தபோது, மாமா கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் வாய் தானாக, "நல்லாத் தூங்குறாங்க மாமா" என்றது. அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. மறுநாள் அதையே திரும்பச் சொல்ல மனசு வரவில்லை. ஒரே பதிலை இரண்டு தடவை சொன்னால் ஆள் நம்பிக்கை இழந்துவிடுவார் என்பது அவள் வேலையில் பழகிய பாடம். ஆகவே "முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு" என்றாள். அதற்கடுத்த நாள் விரல் அசைந்தது. அப்புறம் அத்தை கையை அழுத்தினாள். உள்ளே அத்தை இருந்தபடியே இருக்க, வெளியே மட்டும் மடமடவென்று தேறிக்கொண்டே வந்தாள். நேற்று கண்ணும் திறந்தாகிவிட்டது.

அந்தப் பொய்யில் மாமா சாப்பிட்டார், நாத்தனார் தூங்கினாள். யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் இன்று காலை வரைக்கும் நினைத்திருந்தாள்.

"மாமா, டாக்டர் சொல்றதையும் கொஞ்சம் யோசிச்சுப் பாக்கலாமே," என்று இதமாக ஆரம்பித்தாள். "அவங்க தினம் எத்தனை பேரைப் பாக்குறவங்க."

"பாக்கட்டும். கண்ணைத் திறந்தவளை நீ பாத்தியா, அவங்க பாத்தாங்களா? உன் கண்ணை நம்பாம அவங்க கண்ணை நம்பச் சொல்றியா?"

"அப்பா சொல்றதுல என்ன தப்பு அண்ணி?" என்றாள் நாத்தனார். "அம்மாவுக்குக் குரல்தான் எல்லாமே. முழிச்சுப் பாத்து, பேச்சு வரலைன்னா அதுலயே உடைஞ்சு போயிருவாங்க."

லாரிக்காரனும் தலையாட்டினான். "கண்ணைத் திறந்துட்டாங்கல்ல. பொறுத்துப் பாக்கலாம்."

முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி மருமகள் எழுந்து போனாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. அதுவும் சுத்தமான வழி. "காலையில போன் வந்துச்சு மாமா, ராத்திரியில இருந்து மறுபடியும் மயக்கமாம்" என்று சொன்னால் போதும். மாமா அடுத்த நிமிஷமே கையெழுத்துப் போட்டுவிடுவார். யாருக்கும் எதுவும் தெரியவராது. வாக்கியம்கூடத் தயாராக, குரலோடு சேர்ந்து, நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இருபது பேருக்கு நடுவில் நின்று சொன்னாலும் தடுமாறாமல் சொல்லிவிடுவாள்.

அந்த முடிவோடுதான் திரும்பி வந்தாள்.

மாமா இன்னும் தன் கழுத்தின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. தொண்டைக்குழிக்குள் கட்டைவிரலை வைத்து, லேசாக அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு எப்படி இருக்கும் என்று தன் கழுத்தில் தேடிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் யாரிடமும் ஆசையாக நாலு வார்த்தை பேசியறியாத மனிதர்.

மருமகள் தயாராக வைத்திருந்த வாக்கியம் அப்படியே கரைந்து போயிற்று. இந்த ஆளிடம் இன்னொரு பொய் சொன்னால், தன் முகத்தில் தானே விழிக்க முடியாது என்று தோன்றியது.

அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா. அத்தை கண்ணைத் திறக்கல."

"நேத்து திறந்தான்னு சொன்னியேம்மா."

"நேத்தும் திறக்கல. ஒரு நாளும் திறக்கல. கையையும் அழுத்தல. நான் உங்க பேரைச் சொன்னேன், அது நிஜம். ஆனா அசைவே இல்ல. எல்லாம் நானாச் சொன்னது."

பக்கத்து வரிசையில் யாரோ பாட்டில் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது.

முதலில் வெடித்தது நாத்தனார்தான். "என்ன அண்ணி இது? எங்க அம்மா அண்ணி. உங்க அம்மாவா இருந்தா இப்படிக் கதை கட்டுவீங்களா? பேச்சுவார்த்தை இல்லாத மாமியார்தானே, எப்படிக் கிடந்தா என்னன்னு விட்டுட்டீங்களா?"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அதற்குப் பதில் சொல்ல மருமகளிடம் நிறைய இருந்தது. ஒன்றைக்கூடச் சொல்லாமல் மென்று விழுங்கினாள்.

லாரிக்காரன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். "நான் நேத்து நிம்மதியாத் தூங்கிட்டேனே," என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாமாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. உடம்பே குலுங்குகிற இருமல். மருமகள் தண்ணீரை நீட்டினாள். அவர் அதை வாங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாங்கிக் குடித்தார்.

"மேல உக்காரு," என்றார். பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "இப்பச் சொல்லு. கதவைத் திறந்து உள்ள போறதுல இருந்து சொல்லு. எதையும் மெழுகாத."

சொன்னாள்.

முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வதிலிருந்து ஆரம்பித்தாள். நீல அங்கி, முகமூடி, தலைக்கு ஒரு உறை. உள்ளே போனால் எந்தக் கட்டிலில் எந்த இயந்திரம் கத்துகிறது என்று முதலில் திக்கே தெரியாது. அத்தையின் கன்னத்தில் குழாயைப் பிடித்துக்கொள்ள பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள். உதடு வெடித்திருக்கிறது. முகம் வீங்கி, விரலெல்லாம் தடித்து, பார்த்தால் அத்தையே இல்லை வேறு யாரோ என்று இருக்கிறது.

"முகம் என்ன கலர்ல இருக்கு?" என்று கேட்டார் மாமா.

அவள் யோசித்தாள். இதற்குப் பொய் சொல்ல முடியாது, கேட்கிறவர் பெயிண்டர். "வெளுத்துப்போய்... சாம்பல் மாதிரி. முழு சாம்பலும் இல்ல."

"பிரைமர் அடிச்சு வச்ச கார் மாதிரியா?"

"ஆமா மாமா. அதே மாதிரி."

மாமா மெல்லத் தலையாட்டினார். "பிரைமர்னா பரவால்ல. மேல கலர் ஏத்திக்கலாம். துரு ஏறியிருந்தாத்தான் கஷ்டம்." அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. ஆனாலும், "அப்புறம்?" என்றார்.

"தலைமுடி சிக்குப் பிடிக்கக் கூடாதுன்னு உள்ள இருக்கிற நர்ஸ் ரெட்டை ஜடை போட்டு விட்டிருக்காங்க."

"ரெட்டை ஜடையா? அவளுக்கா?"

"ஆமா. ரிப்பன்கூட வச்சிருக்காங்க, பஞ்சுத்துணியில. நான் அத்தைன்னு சொல்றதைக் கேட்டுட்டு அவங்களும் அத்தைன்னுதான் கூப்பிடுறாங்க. 'அத்தை, இப்ப உங்களை இந்தப் பக்கம் திருப்பப் போறேன், கோவிச்சுக்கக் கூடாது'ன்னு சொல்லிட்டுத்தான் தொடுவாங்க. மயக்கத்துல இருக்கிறவங்ககிட்ட யாரு இப்படிக் கேட்டுக்கிட்டுச் செய்வா?"

நாத்தனார் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில், ரெட்டை ஜடைக்கு ஒரு சிரிப்பும் வந்துவிட்டது.

"நீ என்ன பண்ணுவ அங்க?" என்று கேட்டார் மாமா.

"கையில எல்லாம் ஊசி குத்தியிருக்கு. எங்க தொடுறதுன்னு தெரியாது. அதனால காலைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். போதும்னு சொல்ற வரைக்கும்."

மாமா கண்ணாடிக் கதவைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"இத்தனையும் பாத்துட்டு வந்துதான் எங்ககிட்ட சிரிச்சுப் பேசினியா?"

"ஆமா மாமா."

"தப்பும்மா. அது பெரிய தப்பு." கொஞ்சம் நிறுத்தினார். "என்னால முடிஞ்சிருக்காது, அதையும் சொல்லிடறேன். தனியாத் தூக்கிட்டுத் திரிஞ்சிருக்க. இனிமே வேண்டாம். உனக்கு அழுகை வந்தா இங்க வந்து அழு. ஆனா உள்ள என்ன பாத்தியோ, அதை மட்டும் சொல்லு. எனக்கு அந்தக் கதவுக்கு உள்ள வேற கண்ணு இல்ல."

"இனிமே பொய் சொல்ல மாட்டேன் மாமா."

டாக்டர் திரும்பி வந்தபோது மாமா பேனாவோடு தயாராக நின்றார். "வலிக்குமா டாக்டரம்மா?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "செய்யும்போது தெரியாதுங்க. முழிச்சப்புறம் கொஞ்சம் இருக்கும், மருந்து குடுப்போம்," என்றாள் டாக்டர். அவர் கையெழுத்துப் போட்டார். கார் மேல் கோடு இழுக்கிற கை. அன்றைக்கு அந்தக் கையெழுத்து கோணிக்கொண்டுதான் விழுந்தது.

போகிற போக்கில் டாக்டர் மருமகளிடம், "போன்ல உங்க குரலைக் கேட்டா எல்லாம் சரியாயிரும்னு எனக்கே தோணும். அதனாலதான் சொல்றேன், நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க," என்றாள். திட்டா பாராட்டா என்று பிரித்துப் பார்க்க மருமகளுக்குத் தெம்பில்லை. தலையாட்டிவைத்தாள்.

* * *

மதியம் நகரவே மாட்டேன் என்றது.

லாரிக்காரன் கீழே போய் டீயும் பன்னும் வாங்கிவந்து, பேசாமல் மனைவி மடியில் வைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்காவது சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

"உங்ககிட்டயா? சொன்ன இடத்துலயே விழுந்துட்டா யாரு தூக்குறது?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். அந்தத் தோள் அன்றைக்கு நல்ல வேலைக்குப் பயன்பட்டது.

நாத்தனார் மட்டும் முகம் கொடுக்கவில்லை. அவள் பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. மருமகள் தன் கைப்பையை எடுத்து அவள் காலடியில் வைத்து, பாதங்களைத் தூக்கி அதன் மேல் வைத்துவிட்டாள். நாத்தனார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் காலை எடுக்கவில்லை.

கதவு திறந்து, "பதினொண்ணு நல்லபடியா முடிஞ்சுது, கட்டிலுக்குக் கொண்டுவந்துட்டோம்" என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். மாமா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் என்னவோ முணுமுணுத்தது.

மாலையில் மருமகள் கையைக் கழுவி, அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

"வாங்க, இன்னிக்கு அத்தையைப் பாருங்க," என்றாள் நர்ஸ். அவள் பேசுகிற வேகத்தில் பாதி இயந்திரச் சத்தம் அடங்கிவிடும். "மருந்தைக் குறைச்சிருக்கோம். முழிச்சாலும் முழிப்பாங்க. முழிக்கலைன்னா பயப்படாதீங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்."

பிளாஸ்திரி இல்லை. வாயில் குழாய் இல்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அத்தையின் வாயை, அந்த ஓரம் மடிந்த பிடிவாதக்கார வாயை, முழுசாகப் பார்த்தாள். கழுத்தில் வெள்ளைத் துணிக்கு நடுவே சின்னக் குழாய். மாமா பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று மனசில் குறித்துக்கொண்டாள்.

வழக்கம்போல் காலடியில் போய் நின்று பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். சுவரிடம் சொல்லாமல், நேராக அவளிடமே, "அத்தை. நான்தான்," என்றாள். நேற்று மாமா பேரைச் சொன்னதுகூடச் சுவரிடம் சொன்னதுபோலத்தான்; பல மாதத்துக்கு அப்புறம் அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை இது. "உங்களைப் பத்தி நிறையப் பொய் சொல்லிட்டேன். வெளிய எல்லாரும் என் மேல கோவமா இருக்காங்க. நீங்க முழிச்சிருந்தா நல்லாத் திட்டியிருப்பீங்க."

அத்தையின் இமை துடித்தது.

மருமகள் நம்பவில்லை. பொய்யாகச் சொல்லிச் சொல்லித் தனக்கே அப்படித் தோன்றுகிறது என்று நினைத்தாள். இமை மறுபடி துடித்தது, திறந்தது. கலங்கிய கண் கூரையைப் பார்த்து, நர்ஸைப் பார்த்து, தட்டுத் தடுமாறிக் கீழே இறங்கி வந்து அவள் முகத்தில் நின்றது. யார் என்று தேடியது. அப்புறம் தெரிந்துகொண்டது. தெரிந்துகொண்ட அந்த நிமிஷத்தை மருமகள் கண்ணாரக் கண்டாள்.

உடனே அத்தை மெல்ல, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிடித்திருந்த காலையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா," என்று நர்ஸ் பூரித்துப்போனாள். "ஆள் அடையாளம் தெரியுது. காலை என்ன பலமா இழுத்தாங்க பாருங்க. சபாஷ் அத்தை."

மருமகள் அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. காலியான கையை அங்கியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அங்கியைக் கழற்றும்போதுதான் உறைத்தது. இதைப் போய் எப்படிச் சொல்வது? காலையில்தான் எல்லாம் பொய் என்றாள். மாலையில் வந்து கண்ணைத் திறந்தாள் என்றால் எந்த மடையன் நம்புவான்? முகத்தைத் திருப்பிய கதையை விட்டுவிடலாமா? அது தன்னோடு போகட்டும், கண் திறந்ததை மட்டும் சொன்னால் போதாதா? அதுவும் உண்மைதானே.

கதவுக்கு அந்தப் பக்கம் மாமா நின்றுகொண்டிருந்தார். மகனும் மகளும் அவருக்கு இரண்டு பக்கமும்.

"கண்ணைத் திறந்தாங்க மாமா."

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். லாரிக்காரன் தரையைப் பார்த்தான்.

"அப்புறம்?" என்றார் மாமா, காலையில் கேட்ட அதே குரலில்.

"என்னைப் பாத்தாங்க. யாருன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சதும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. காலைப் பிடிச்சிருந்தேன். அதையும் இழுத்துக்கிட்டாங்க."

மாமா அவளையே பார்த்தார். அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அப்புறம் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகி, மூன்றும் ஒன்றாகக் கலந்து வந்தது.

"அவதான்டா," என்று மகன் கையைப் பிடித்து உலுக்கினார். "முழிச்சதும் முழிக்காததுமா மூஞ்சியத் திருப்பினாளாம். அது அவளேதான். இதை எவளாலயும் இட்டுக்கட்ட முடியாது."

லாரிக்காரன் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஏழாம் நம்பர் அக்கா ஓடிவந்து என்னவென்று கேட்டாள். கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். அத்தனை பேரும் தங்கள் வீட்டு ஆளே கண் திறந்ததுபோல் மருமகளின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். மருமகளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஏம்மா," என்றார் நிதானமாக. "அவ்வளவு தூரம் போயிட்டுத் திரும்பி வந்தவ, முதல் வேலையா உன்கிட்ட மூஞ்சியத் திருப்பினான்னா, அது சின்ன விஷயமா இருக்க முடியாது. உங்களுக்குள்ள அப்படி என்னதான் நடந்துச்சு?"

'ஒண்ணுமில்ல' என்ற வார்த்தை பழக்கதோஷத்தில் அவள் நாக்குக்கு வந்தது. அதைச் சொல்ல முடியாது. காலையில்தான் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

"இருக்கு மாமா," என்றாள். "இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது நான் மட்டும் சொல்லக்கூடிய விஷயம் இல்ல. அதனால அத்தை என் மேல கோவப்பட்டா கோவப்பட்டுட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன். என்னைக் கேக்காதீங்க."

மாமாவுக்குப் புரியவில்லை. லாரிக்காரனுக்கும் புரியவில்லை.

நாத்தனார் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வந்து மருமகளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்றாள்.

"அண்ணியை விட்டுருங்கப்பா," என்றாள். "எனக்காகத்தான் அவங்க வாயைத் திறக்கல. நான் சொல்றேன்."